இரும்புக்கை மாயாவி: ஒரு நாயகரின் உருமாற்ற வரலாறு

பொத்தேரியிலிருந்து கிழக்கே கடலை நோக்கிச் செல்வோர் திருப்போரூரைக் கண்டு, அங்கிருந்து தெற்கே சென்று மாமல்லபுரத்தை அடைவர். மாமல்லபுரத்துப் பாறைகளில் கொற்றவை ஒருத்தியே வெவ்வேறு தோற்றங்களில் காட்சி தருகிறாள். ஆதிவராகக் குகைக் கோயிலில் அவள் எருமைத் தலையின்மீது நிற்கிறாள், போர் முடிந்துவிட்டது, முகத்தில் அமைதி நிலவுகிறது. மகிடாசுரமர்த்தினி மண்டபத்திலோ அவளே எட்டுக் கைகளோடு சிங்கத்தின்மீது அமர்ந்து, கதையேந்திய மகிடனை எதிர்த்து வில் வளைக்கிறாள். போர் இன்னும் முடியவில்லை. தெய்வம் ஒன்று, கதை ஒன்று, கடற்கரையும் ஒன்று. ஆயினும் சிற்பி தேர்ந்துகொண்ட கணம் மாறியதும் வீரத்தின் பொருளும் மாறிவிடுகிறது.

ஒரு வீரரைப் பின்வருவோர் தத்தமக்கு வேண்டிய கோலத்தில் புனைந்துகொள்ளும் இவ்வியல்பு கல்லுக்கு மட்டும் உரியதன்று. மலிவுத் தாளில் அச்சான படக்கதைக்கும் உரியது. 1938இல் ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் படைத்த சூப்பர்மேன் தொடக்கத்தில் மனைவியை அடிப்பவனையும் ஊழல் செய்வோரையும் தண்டித்த முரட்டு நியாயவாதி. அப்போது அவருக்குப் பறக்கவும் தெரியாது, தாவ மட்டுமே தெரியும். பின்னரே அவர் வானில் பறந்தார். சட்டத்தின் காவலரும் ஆனார். 1939இல் இருளில் பிறந்த பேட்மேன், 1966இன் தொலைக்காட்சித் தொடரில் நகைச்சுவைக்குரியவரானார். 1986இல் பிராங்க் மில்லரின் கையில் மீண்டும் இருளுக்குத் திரும்பினார். இத்தகைய மாற்றங்கள் அந்நாட்டாரால் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. தமிழ் வாசகர் தம்முடையவராகவே ஏற்றுக்கொண்ட ஒரு படக்கதை நாயகரின் மாற்றமோ தமிழாய்வில் உரிய கவனம் பெறவில்லை. இரும்புக்கை மாயாவியே அந்நாயகர்.

குற்றவாளியாகத் தோற்றம்

இலண்டனில் வெளிவந்த ‘வேலியன்ட்’ என்னும் சிறுவர் வார இதழின் முதல் இதழ் 1962ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாளிட்டது. அதில் தொடங்கிய தொடர்களுள் ஒன்று ‘ஸ்டீல் க்ளா’. எழுதியவர் அறிவியற் புனைகதையாசிரியர் கென் பல்மர். வரைந்தவர் பார்சிலோனாவைச் சேர்ந்த ஸ்பானிய ஓவியர் ஹேசூஸ் பிளாஸ்கோ. ஒளியையும் நிழலையும் கடுமையாக மோதவிடும் பிளாஸ்கோவின் கோடுகளே அத்தொடரின் தனிச்சிறப்பாக அமைந்தன.

கதையின் தலைவன் லூயிஸ் கிராண்டேல், ஆய்வுக்கூட உதவியாளன். ஒரு விபத்தில் வலக்கையை இழந்து, அதனிடத்தில் எஃகுக் கை பொருத்தப்பெற்றவன். மற்றொரு விபத்தில் அவன்மீது மின்சாரம் பாய, உடல் முழுவதும் பார்வையிலிருந்து மறைகிறது. எஃகுக் கை மட்டும் மறையவில்லை. அந்தரத்தில் மிதக்கும் ஒற்றைக் கை என்னும் அச்சமூட்டும் படிமம் இவ்வாறு பிறந்தது. மின்னதிர்ச்சி பெறும்போதெல்லாம் மறையலாம் என்று அறிந்ததும் கிராண்டேல் செய்தது நன்மை அன்று, கொள்ளையும் அச்சுறுத்தலுமே. எச்.ஜி.வெல்ஸ் 1897இல் எழுதிய ‘கண்ணுக்குப் புலப்படாத மனிதன்’ பற்றிய நாவலின் நேர்வாரிசு அவன். யாரும் காணாத இடத்தில் மனிதன் எவ்வாறு நடந்துகொள்வான் என்னும் பழைய வினாவே இரு கதைகளின் உயிராக இருந்தது. தீமையே வெல்லும் என்பதே தொடக்கத்தில் அதற்குக் கிடைத்த விடை.

உளவாளி, முகமூடி வீரர், வேட்டைக்காரர்

வாரந்தோறும் வெளிவரும் இதழுக்கு ஒரு குற்றவாளியை நெடுநாள் நாயகனாக வைத்திருத்தல் எளிதன்று. விபத்து மனத்தைத் திரித்ததனாலேயே கிராண்டேல் தீமை செய்தான், இயல்பால் தீயவன் அல்லன் என்று கதை தன் போக்கை மாற்றிக்கொண்டது. ‘வேலியன்ட்’ முதல் இதழின் நாளுக்கு முந்தைய நாளன்று இலண்டனில் முதல் ஜேம்ஸ்பாண்டு திரைப்படம் திரையிடப்பட்டது என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. அடுத்த சில ஆண்டுகளில் உளவாளிக் கதைகளின் மோகம் எங்கும் பரவியது. கிராண்டேலும் ‘நிழற்படை’ என்னும் இரகசிய அமைப்பின் உளவாளியானார். எஃகுக் கை வெறுங்கையாக இருந்த நிலை மாறி, விரலில் துப்பாக்கியும் உள்ளே வானொலிக் கருவியும் கொண்ட படைக்கலமாயிற்று. அரசை அச்சுறுத்திய கை அரசின் கையாக மாறியது.

அறுபதுகளின் பிற்பகுதியில் அமெரிக்க முகமூடி வீரர்களின் அலை இங்கிலாந்தையும் தொட்டது. அப்போது கிராண்டேலுக்கும் தனி உடையும் முகமூடியும் அணிவித்தனர். உடல் மறையும் ஒருவருக்கு உடை எதற்கு என்னும் வினாவைப் புதுமோகம் பொருட்படுத்தவில்லை. அக்கோலம் நிலைக்கவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில், தொடரின் இறுதிக் கட்டத்தில், அவர் கூலி பெற்றுக் குற்றவாளிகளைப் பிடிக்கும் வேட்டைக்காரராகக் காட்சியளித்தார். 1973இல் தொடர் நின்றது; 1976இல் ‘வேலியன்ட்’ இதழே மற்றோர் இதழோடு இணைந்து மறைந்தது.

பதினோராண்டுகளில் கள்வன், உளவாளி, முகமூடி வீரர், வேட்டைக்காரர் என நான்கு கோலங்கள் மாறின. கதைக்குள்ளிருந்து எழுந்த தேவையைக் காட்டிலும் சந்தையின் காற்றே இம்மாற்றங்களுக்குப் பெருங்காரணம் எனலாம். இவ்வகையில் கிராண்டேல் தனித்தவரும் அல்லர். 1965இல் ‘லயன்’ என்னும் ஆங்கில இதழில் தோன்றிய ‘ஸ்பைடர்’ குற்றப் பேரரசு அமைக்க வந்தவன். அவனும் பின்னர் குற்றங்களை ஒடுக்குபவனாக மாற்றப்பட்டான். அத்தொடரின் பெரும்பகுதியை எழுதியவர் சூப்பர்மேனைப் படைத்த அதே ஜெர்ரி சீகல்.

சிவகாசிக்கு வருகை

இங்கிலாந்தில் கிராண்டேலின் காலம் முடியும் தறுவாயில், 1972 ஜனவரியில், அச்சுத் தொழிலுக்குப் பேர்பெற்ற சிவகாசியிலிருந்து ‘முத்து காமிக்ஸ்’ வெளிவரத் தொடங்கியது. வெளியிட்டவர் சௌந்திரபாண்டியன். தொடக்க காலத்தில் ஆசிரியப் பணியிலும் தமிழாக்கத்திலும் துணைநின்றவர் முல்லை தங்கராசன். முதல் வெளியீட்டின் பெயரே ‘இரும்புக்கை மாயாவி’. தொடர்ந்து ‘உறைபனி மர்மம்’, ‘நாச அலைகள்’, ‘பாதாள நகரம்’, ‘இயந்திரத்தலை மனிதர்கள்’ முதலிய மாயாவி கதைகள் வெளிவந்தன. மாயாவி, லாரன்ஸ் – டேவிட் இணையர், ஜானி நீரோ ஆகியோரை வாசகர்கள் ‘மும்மூர்த்திகள்’ என்றே வழங்கினர்.

இவ்வருகையால் நேர்ந்த மாற்றங்கள் மூன்று. முதலாவது, கால வரிசை குலைந்தது. இங்கிலாந்துச் சிறுவன் ஒருவன் கள்வன் உளவாளியாக மாறுவதை ஆண்டுக்கணக்கில் கண்டான். தமிழ்ச் சிறுவனுக்குக் கதைகள் அவ்வரிசையில் கிட்டவில்லை. பெரும்பாலான கதைகளில் அவன் கண்டது நிழற்படையின் மாயாவியையே. ஆகவே அவனுக்கு மாயாவி மாறியவர் அல்லர். என்றும் அவ்வாறே இருந்தவர்.

இரண்டாவது, வடிவம் மாறியது. வாரந்தோறும் இரண்டொரு பக்கமாக வந்து, ஒவ்வொரு வாரமும் ஆபத்தின் விளிம்பில் நின்ற கதை, தமிழில் ஒரே புத்தகமாக, ஒரே அமர்வில் படித்து முடிக்கத்தக்கதாக வந்தது. ஏழு நாள் காத்திருப்பில் விளையும் ஐயமும் அச்சமும் இதனால் குறைந்தன. நாயகர் வெல்வார் என்னும் உறுதி மிகுந்தது.

மூன்றாவது, மொழி தலையிட்டது. ஆங்கிலத்தின் படர்க்கை ஆண்பாற் சொல் கள்வனுக்கும் காவலனுக்கும் ஒன்றே. தமிழில் அவ்வாறு இயலாது. ‘அவன்’ என்பதா, ‘அவர்’ என்பதா, ‘பாய்ந்தான்’ என்பதா, ‘பாய்ந்தார்’ என்பதா எனக் கட்டந்தோறும் தமிழாக்குவோர் முடிவு செய்தாகவேண்டும். ஒருவரை எடைபோடாமல் அவரைப் பற்றி ஒரு வாக்கியமும் அமைக்கவிடாத மொழி இது. இக்கட்டுரையும் முன்பகுதியில் கிராண்டேலை ‘அவன்’ என்றும், அவர் உளவாளியானபின் ‘அவர்’ என்றும் குறிக்க நேர்ந்தமை இதற்குச் சான்று.

பெயர் செய்த பெருமாற்றம்

எல்லாவற்றினும் பெரிய மாற்றத்தைச் செய்தது பெயரே. ஆங்கிலப் பெயரிலுள்ள ‘க்ளா’ என்பது மனிதக் கையைக் குறிப்பதன்று. விலங்கின் கூருகிரைக் குறிப்பது. சங்க இலக்கியம் புலிக்கும் பருந்துக்கும் கூறும் ‘உகிர்’ என்னும் சொல்லே அதற்கு நேரானது. தமிழாக்கியோர் உகிரையும் நகத்தையும் விடுத்துக் ‘கை’ என்றனர். உகிர் கிழிக்கும்; கை கொடுக்கவும் செய்யும். ‘கைகொடுத்தான்’, ‘கைதூக்கிவிட்டான்’ என உதவியைக் கையால் சொல்லும் மொழியில், கை என்றவுடனேயே விலங்கு மனிதனாகிவிடுகிறது. ‘கரம்’ என்று வைத்திருப்பின் அதுவும் பொருந்தியிராது. ‘இரும்புக்கரம் கொண்டு அடக்குவோம்’ என்பது ஆட்சியாளரின் மேடைமொழி. ‘இரும்புக்கை’ என்பதோ தெருவில் விளையாடும் பிள்ளையின் வாயில் இயல்பாக அமர்வது. இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவைப் பாவலர் நன்கறிவர்.

அடுத்த சொல் ‘மாயாவி’. இராமகாதையில் மாயாவி என்பவன் மயனின் மகனான அசுரன். வாலியைப் போருக்கழைத்துப் பிலத்தினுள் புகுந்தவன். வாலி, சுக்கிரீவன் பகைக்கு வித்தானவன். மறைந்து நின்று பொருதலும் தமிழ் மரபில் பெரும்பாலும் மாற்றாரின் திறமாகவே பேசப்படும். மேகத்துள் மறைந்து நாகபாசம் ஏவிய இந்திரசித்தன் இதற்குத் தலைசிறந்த சான்று. அத்தகைய அசுரப் பெயர் இருபதாம் நூற்றாண்டில் சிறுவர் விரும்பும் நல்லோர் ஒருவரின் பெயராயிற்று. ஒரு சொல்லின் குணத்தை மாற்றுவது புலவர்க்கும் எளிதன்று. படக்கதைத் தமிழ் அதனைச் செய்து காட்டியது.

இதற்கு வழக்குமொழியும் துணைநின்றது. காணாமற்போனவரை ‘மாயமானார்’ என்று நாளிதழ்கள் எழுதும். ஆகவே ‘மாயாவி’ என்னும் சொல்லில் மாயம் செய்பவர், மாயமாகிறவர் என்னும் இரு பொருளும் ஒருங்கே ஒலித்தன. லூயிஸ் கிராண்டேல் என்னும் இயற்பெயர் தமிழ்க் கதைகளில் இடம்பெற்றாலும் வாசகர் நாவில் நிலைத்தது மாயாவி என்னும் பெயரே. பெயர் பட்டமாகவும், பட்டம் பெயராகவும் ஆகிவிட்ட நிலை இது. அச்சொல்லின் ஆற்றலுக்கு மற்றொரு சான்றும் உண்டு. 1936இல் லீ ஃபாக் படைத்த ‘பேண்டம்’ என்னும் முகமூடி வீரர் முத்து காமிக்ஸில் ‘வேதாளர்’ ஆனார். 1984இல் தொடங்கிய ராணி காமிக்ஸில் அவரே பின்னர் ‘மாயாவி’ என்னும் பெயரில் வலம்வந்தார். மறையும் ஆற்றலே இல்லாத ஒருவருக்கும் அப்பெயர் பொருந்தியதென்றால், ‘மாயாவி’ என்பது அதற்குள் சாகச நாயகர் எவரையும் குறிக்கத்தக்க சொல்லாக வளர்ந்துவிட்டது என்றே கொள்ளவேண்டும்.

கள்வன் ஒருவன் காவலனாவதைத் தமிழ் வாசகர் தயக்கமின்றி ஏற்றதற்கும் மரபில் காரணம் உண்டு. திருப்போரூரில் முருகன் அசுரரோடு விண்ணில் பொருதான் என்பது தலமரபு. கந்தபுராணத்தின் முடிவில் சூரபன்மன் அழிந்தொழிவதில்லை. மயிலும் சேவலுமாகி, ஊர்தியாகவும் கொடியாகவும் ஏற்கப்படுகிறான். பகைவனின் ஆற்றலை வீணாக்காமல் பணியில் அமர்த்தும் இக்கதையைக் கேட்டு வளர்ந்தோர்க்கு, அரசை எதிர்த்த இரும்புக்கை பின்னர் அதன் பணியை ஏற்றதில் வியப்பு இருந்திருக்காது.

வாசகர் நினைவில்

1984இல் சௌந்திரபாண்டியனின் மகன் விஜயன் ‘லயன் காமிக்ஸ்’ இதழைத் தொடங்கினார். மாடஸ்டி பிளைசி, ஸ்பைடர் முதலியோர் தமிழில் அறிமுகமாயினர். மாயாவிக்குப் புதுக்கதைகள் அருகிய நிலையில், பழைய கதைகளே ‘காமிக்ஸ் கிளாசிக்ஸ்’ முதலிய வரிசைகளில் மறுபதிப்புப் பெற்றன. 2012இல் லயன், முத்து வெளியீடுகள் புத்துயிர் பெற்றபோது தாளும் அச்சும் வண்ணமும் உயர்ந்தன. டெக்ஸ் வில்லரும் லக்கி லூக்கும் ‘இரத்தப் படலம்’ போன்ற நெடுங்கதைகளும் முன்னிடம் பெற்றன. மாயாவி புதிய காலத்தின் நாயகராக நீடிக்கவில்லை. இளமையின் நினைவாக நீடித்தார். எழுபதுகளில் அவரைப் படித்தோர் அச்சமும் வியப்பும் கொண்டனர். இன்று அவர்கள் அதே பக்கங்களில் தேடுவது தம் சிறுவயதை. கதையிலும் ஓவியத்திலும் ஒரு கோடும் மாறாமலேயே நாயகர் மாறிவிட்டார்.

இங்கிலாந்தில் இதற்கு மாறான நிலை. 2005இல் ஆலன் மூர் கதைக்கரு வகுக்க, அவர் மகள் லியா மூரும் ஜான் ரெப்பியனும் எழுதிய ‘ஆல்பியன்’ தொடரில், பழைய படக்கதை நாயகர்கள் எல்லாரும் அரசால் சிறைவைக்கப்பட்டவர்களாகக் காட்டப்பட்டனர். கிராண்டேலும் அவர்களுள் ஒருவர். அரசின் கையாக இருந்தவரை அரசே அஞ்சும் காலம் வந்துவிட்டது என்பது அக்கதையின் குறிப்பு. 2021இல் தொடக்ககாலக் கதைகள் அங்கு நூலாக மறுபதிப்புப் பெற்றபோது, பழைய கள்வனை வாசகர் மீண்டும் கண்டனர்.

இழந்ததும் செய்யவேண்டியதும்

தமிழ் மாயாவி தமிழுக்குக் கிடைத்த பேறு என்பதில் ஐயமில்லை. ஆயினும் அப்பேற்றினுள் ஓர் இழப்பும் உண்டு. மாயாவியை என்றும் நல்லவராகவே நினைவில் நிறுத்தியதனால், முதற்கதை எழுப்பிய வினா தமிழ் வாசகரின் நினைவில் மங்கிவிட்டது. காணப்படாத ஆற்றல் நல்லவனையும் கெடுக்கும் என்பது அக்கதையின் எச்சரிக்கை. முகம் காட்டாது பேசுவோரும், பெயர் மறைத்துத் தாக்குவோரும், கண்ணுக்குப் புலப்படாமல் பிறரைக் கண்காணிப்போரும் பெருகிய இக்காலத்தில், உளவாளி மாயாவியைக் காட்டிலும் கள்வன் கிராண்டேலே மிகுதியாகப் பொருள் தருகிறான். அந்தரத்தில் மிதக்கும் கையைக் கண்டு அன்று சிறுவர் அஞ்சியது பேதைமை அன்று. கை தெரிந்து ஆள் தெரியாத நிலை அஞ்சத்தக்கதே.

இரண்டாவது இழப்பு வரலாற்றைச் சார்ந்தது. ஆங்கிலச் சொற்களுக்கென அளந்து வரைந்த பேச்சுக்கூடுகளுக்குள் நீண்ட தமிழ்ச் சொற்களை அடக்குவது கடிய கலை. ஒரு சொல் மிகுந்தால் எழுத்து சிறுத்துவிடும். ஒரு சொல் குறைந்தால் பொருள் மயங்கிவிடும். அடிக்குள் சீர் அடக்கும் பாவலர்க்கு இவ்வருமை விளங்கும். ‘உறைபனி மர்மம்’ என்றும் ‘இயந்திரத்தலை மனிதர்கள்’ என்றும் தலைப்பமைத்தோர், புராணத்துப் பாதாளத்தை அறிவியற் கதையின் நகரத்தோடு தயங்காமல் சேர்த்தோர், அசுரன் பெயரை நாயகர்க்குச் சூட்டியோர் ஆகியோருள் எத்தனை பெயர் இன்று நினைவிலுள்ளன? சிறுவர் இலக்கிய வரலாறு எழுதியோரும் மொழிபெயர்ப்பு வரலாறு எழுதியோரும் இவர்களுக்குப் பெரும்பாலும் இடமளிக்கவில்லை. படக்கதை படிப்பைக் கெடுக்கும் என்று பெற்றோர் பறித்துவைத்த காலத்தின் எண்ணம் ஆய்வாளரிடத்தும் எஞ்சியிருந்தது போலும். தமிழை எழுத்துக்கூட்டிப் படித்த பிள்ளைகள் பலர் தாமே விரும்பி முழுமையாகப் படித்து முடித்த முதல் நூல் இத்தகைய படக்கதையே என்பதை அவ்வரலாறுகள் கருதவில்லை.

மாமல்லபுரத்துக் கொற்றவையைச் செதுக்கிய சிற்பியர் பெயரும் நமக்குக் கிட்டவில்லை. அங்குப் பல நூற்றாண்டுகளின் இடைவெளி காரணமாகலாம். படக்கதைத் தமிழ் ஐம்பதாண்டுப் பழைமை உடையது. அதனைப் படைத்தோரையும் அச்சுக்கோத்தோரையும் கையெழுத்தில் வரைந்தோரையும் அறிந்தவர்கள் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். மலிவுத் தாளில் அச்சான தொடக்ககால இதழ்கள் பழுத்து உதிர்கின்றன; எஞ்சியவை சேகரிப்போரின் பெட்டிகளில் அடைபட்டுள்ளன. செங்கற்பட்டு வட்டாரத்தின் வீடுகளிலும் பழைய வாடகை நூல்நிலையங்களின் எச்சங்களிலும் கிடைப்பனவற்றைத் தேடி, ஆண்டு வரிசைப்படுத்தி, தமிழாக்கியோர் பெயரோடு பதிவு செய்தல் இலக்கிய வட்டங்கள் மேற்கொள்ளத்தக்க பணியாகும். நாயகர் மறையலாம், அது அவர் கதை. அவரைத் தமிழில் பேசவைத்தோர் மாயமாகிவிடலாகாது.